நிப்பூர் ஏடுகளில் குத்தகையும் ஒத்தியும்

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதரைத் தீர்க்கதரிசிகளின் வாயிலாகவே நாம் பெரிதும் அறிந்திருக்கிறோம். அவர்களின் சந்ததியார் அந்நாட்டில் யாருடைய நிலத்தை உழுதனர், யாருக்கு வாரம் அளந்தனர் என்னும் கேள்வியை நாம் எழுப்புவது அரிது. இக்கேள்விக்கு விடைதரும் சான்றுகள் 1893ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. தென் மெசொப்பொத்தேமியாவிலுள்ள நிப்பூர் என்னும் பழம்பதியில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, ஒரே அறையில் 700க்கும் மேற்பட்ட களிமண் ஏடுகள் கிடைத்தன. இவை முராசு என்பவரின் குடும்பத்தார் பேணிய ஒப்பந்தங்களும் பற்றுச்சீட்டுகளும் ஆகும். பாரசீக மன்னராகிய முதலாம் அர்தசஷ்டா, இரண்டாம் தரியு ஆகியோரின் காலத்தைச் சேர்ந்தவை, அதாவது கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதி.

குத்தகை என்பது உடைமையையும் பயன்பாட்டையும் பிரித்து நிறுத்தும் உடன்படிக்கை. பொருள் உடையவனுக்கே உரியது. அதன் பயன் குறித்த காலம்வரை வேறொருவனுக்கு உரியது. இவ்வேற்பாடு பாரசீகர் காலத்துக்கு மிகவும் முற்பட்டது. கி.மு. 18ஆம் நூற்றாண்டின் ஹம்முராபி சட்டம், வாடகைக்கு விடப்பட்ட எருதுக்கு ஆண்டு வாடகையை நிர்ணயிக்கிறது. அந்த எருதை வயலில் சிங்கம் கொன்றால் இழப்பு உடையவனுக்கு. வாடகைக்கு எடுத்தவனின் கவனக்குறைவாலோ அடியாலோ அது செத்தால் எருதுக்கு எருது கொடுக்கவேண்டும். யாத்திராகமம் 22:14,15 இதே வினாவைத் தொடுகிறது: வாடகைக்கு வந்த மிருகத்தின் சேதம் வாடகையிலேயே அடங்கும். ஆக, குத்தகைச் சட்டத்தின் முதல் வினா, ‘இழப்பு யாரைச் சேரும்?’ என்பதே.

இனி நிப்பூருக்கு வருவோம். பாரசீக அரசு தனக்குப் பணிசெய்யும் குடும்பங்களுக்கு நிலங்களை அளித்திருந்தது. அவை ‘வில் நிலம்’, ‘குதிரை நிலம்’, ‘தேர் நிலம்’ என வழங்கின. நிலத்தைப் பெற்ற குடும்பம் போருக்கு ஆள் தரவேண்டும், வரியும் செலுத்தவேண்டும். இந்நிலத்தை விற்க இயலாது. ஆனால் வயலில் விளைவது வாற்கோதுமையும் பேரீச்சையும். அரசு கேட்பதோ பெரும்பாலும் வெள்ளி. மேலும், ஏரில் நான்கு எருதுகள் பூட்டும் வழக்கமுள்ள அந்நாட்டில், சிறு நிலக்காரன் ஏரும் எருதும் வைத்திருப்பது எளிதன்று. கால்வாய் நீருக்கும் கட்டணம் உண்டு.

இவ்விடைவெளியில்தான் முராசு குடும்பத்தார் தொழில் நடத்தினர். சிறு நிலக்காரரிடமும், நிலத்தில் வாழாத பிரபுக்களிடமும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தனர். அரச அதிகாரிகளிடம் கால்வாய் நீரைக் குத்தகையாகப் பெற்றனர். பின்னர் நிலம், நீர், எருது, கலப்பை, விதை ஆகியவற்றைச் சேர்த்து உழவருக்கு உள்குத்தகையாக விட்டனர். இதனால் நன்மை விளையவில்லை எனக் கூறுவதற்கில்லை. எருதில்லாதவன் உழுதான், நிலக்காரனுக்குக் குத்தகைப்பணம் வந்தது, அரசுக்கு வரி சேர்ந்தது.

இவ்வேடுகளில் யூதப் பெயர்கள் பல காணப்படுகின்றன. முராசு குடும்பத்தாரையே யூதர் எனக் கருதியோரும் முன்பு உண்டு; ஆயினும் அவர்கள் பெயர்கள் என்லில், நினுர்த்தா ஆகிய பாபிலோனியத் தெய்வங்களின் பெயர்களைத் தாங்கியவை. யூதர் சிறு நிலக்காரராகவும் உழவராகவும் சாட்சிகளாகவும் கீழ்நிலை அலுவலராகவுமே வருகின்றனர். எசேக்கியேல் குறிப்பிடும் கேபார் நதியோடு ஒத்த பெயருடைய கால்வாயும் இவ்வேடுகளில் இடம்பெறுகிறது. வீடுகளைக் கட்டித் தோட்டங்களை நாட்டும்படி எரேமியா எழுதிய நிருபத்துக்கு (எரே. 29) அச்சமுதாயம் இணங்கி வாழ்ந்ததை இங்குக் காண்கிறோம்.

ஆனால் ஏடுகளுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. வரி கட்ட இயலாதவன் நிலத்தைக் காட்டிக் கடன் வாங்கினான். கடன் தீரும்வரை விளைச்சலைக் கடன்கொடுத்தவனே அனுபவித்தான். நம் நாட்டில் ஒத்தி என்று வழங்குவது இதுவே. இரண்டாம் தரியு அரியணை ஏறியதையொட்டி, கி.மு. 423இல் இத்தகைய அடமானங்கள் மிகுந்தன. விற்கக்கூடாத நிலத்தைச் சுவீகாரத்தின் வழியாகப் பெறும் உபாயமும் இருந்தது: நிலக்காரன் முராசு குடும்பத்தானொருவனை மகனாக ஏற்றுக்கொள்வான், நிலத்தில் அவனுக்குப் பங்கு கிடைக்கும். இவ்வகையில் பங்கு கைமாறிய ஒரு குதிரை நிலத்தைப் பற்றி, தரியுவின் 2ஆம் ஆண்டு ஏடொன்று பேசுகிறது. அந்நிலத்துக்குரிய படைப்பணியைச் செய்ய முன்வருகிறவன், கெதலியா என நாம் வாசிக்கத்தக்க பெயருடைய ஒரு யூதன். அதற்காக அவன் குதிரை, சேணம், கவசம், தலைச்சீரா, அம்புகள், வழிச்செலவுக்கு வெள்ளி ஆகியவற்றை முராசு குடும்பத்து ரீமுத்-நினுர்த்தாவிடம் கேட்டுப் பெறுகிறான். பணியைச் செய்கிறவன் ஒருவன். கருவியும் நிலப்பங்கும் வேறொருவனிடம்.

இதே அர்தசஷ்டாவின் நாளில், கி.மு. 445இல், நெகேமியா எருசலேமுக்கு வந்தார். ராஜாவின் வரிக்காக வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் அடமானம் வைத்தோம் என்னும் கூக்குரலை அவர் அங்கும் கேட்டார் (நெகே. 5). கடன்கொடுத்தவர்களின் வரிசையில் தம்மையும் சேர்த்துக்கொண்டே, நிலங்களைத் திரும்பக் கொடுக்கும்படி அவர் கேட்டார்.

நிலத்தை அறுதியாக விற்கலாகாது என்னும் கொள்கை நிப்பூரிலும் உண்டு. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்திலும் உண்டு. வேறுபாடு எங்கே உள்ளது? நிப்பூரில் விற்பனைக்கு மட்டுமே தடை. எருதும் நீரும் வெள்ளியும் ஒருவர் கையில் குவிந்தபோது அத்தடை உழவனைக் காக்கவில்லை. லேவியராகமமோ விற்பனையையே குத்தகையாக்குகிறது: விலை என்பது யூபிலிவரை மீந்திருக்கும் அறுவடைகளின் எண்ணிக்கை. அத்துடன் தளர்ந்துபோன சகோதரனிடம் வட்டி வாங்காதிருக்கவும் கட்டளையிடுகிறது. நிலம் கர்த்தருடையது, மனிதர் அதில் பரதேசிகள் என்பதே அதன் அடிப்படை. உடையவர் ஒருவரே, நாம் யாவரும் குத்தகைக்காரர்.

எனவே ஒரு குத்தகை நீதியானதா என ஆராய்கையில் பத்திரத்தில் உடையவர் யார் என்று பார்ப்பது போதாது. இழப்பு யாரைச் சேரும், கருவி யார் கையில் உள்ளது, முடிவுக்காலம் உண்டா என்னும் மூன்றையும் வினவவேண்டும். வயலையும் கட்டடத்தையும் குத்தகைக்கு விடும் திருச்சபைகளின் ஆலோசனைக் கூட்டங்களில் அமரும் ஆயர்களுக்கு இவ்வினாக்கள் பழங்கதையாகா.