காலால் படிக்கும் கல்

ரயில் நடைமேடையின் விளிம்பை ஒட்டிப் பதித்திருக்கும் மஞ்சள் புடைப்புக் கல், பார்வையற்றோர் பாதத்தாலும் கைத்தடியாலும் படிக்கும் எழுத்து. அதில் இரண்டே குறிகள். நீளக் கோடுகள் இருந்தால் அதே வழியில் நடக்கலாம். வட்டப் புள்ளிகள் தட்டுப்பட்டால் நிற்க வேண்டும், முன்னால் படியோ திருப்பமோ பள்ளமோ இருக்கிறது. ஜப்பானில் பிறந்த இந்தக் கல்லுக்கு அங்கே 'டென்ஜி பிளாக்' என்று பெயர். டென்ஜி என்றால் பிரெய்ல்.

இதை உருவாக்கிய செய்இச்சி மியாகே பொறியாளர் அல்லர். ஒக்காயாமா நகரில் தங்கும் விடுதி நடத்தியவர். தெருவைக் கடந்துகொண்டிருந்த பார்வையற்ற ஒருவர் காரில் அடிபடாமல் மயிரிழையில் தப்பியதைப் பார்த்தது அவரை உலுக்கியது. பாசி படர்ந்த தரையும் வெறும் மண்ணும் சேரும் இடத்தைக் காலணியோடு நடக்கும்போதே உணர முடிகிறது என்று பார்வையற்ற நண்பர் ஒருவர் சொன்னதுதான் கல்லுக்கு வித்திட்டது என்பார்கள். 1965-ல் வடிவம் உறுதியானது. பார்வையுள்ளவர்கள் மேசை முன் அமர்ந்து யோசித்திருந்தால் இது கிடைத்திருக்காது. நடப்பவரின் பாதம் சொல்லிக் கொடுத்த அறிவு இது.

1967 மார்ச் 18 அன்று, ஒக்காயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் 230 கற்கள் பதிக்கப்பட்டன. அத்தனையும் மியாகேயின் நன்கொடை. மற்ற நகரங்களுக்கும் இலவசமாக அனுப்பினார். கைக்காசு கரைந்தது, வாங்குவோர் வரவில்லை. 1970-ல் டோக்கியோவின் தக்காதனோபாபா ரயில் நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் பெருமளவில் பதித்த பிறகே நிலைமை மாறியது. பிரெய்ல் நூலகம் இருப்பதால் பார்வையற்றோர் நாள்தோறும் வந்துபோகும் பகுதி அது.

தெருவில் கல் வந்தது, அந்த நிலையத்தின் நடைமேடைக்கு வரவில்லை. 1973 பிப்ரவரியில் அதே நிலையத்தில் பார்வையற்ற பயணி ஒருவர் தண்டவாளத்தில் விழுந்து, ரயிலில் அடிபட்டு இறந்தார். குடும்பத்தார் ஜப்பான் தேசிய ரயில்வே மீது வழக்குத் தொடுத்தனர். 1979-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ரயில்வேயைப் பொறுப்பாக்கியது. மேல்முறையீட்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஒரு விடுதிக்காரரின் கொடையாகத் தொடங்கியதை ரயில்வேயின் கடமையாகப் பேச வைத்தது இந்த வழக்கு. அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

மியாகே 1982-ல் காலமானார். ஊருக்கு ஒரு வடிவமாகப் பெருகிவிட்ட கற்களுக்கு ஜப்பான் 2001-ல்தான் தேசியத் தரம் வகுத்தது. 2012-ல் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரமும் வந்தது. முதலில் சிமென்ட் நிறத்தில் இருந்த கல் மஞ்சளானதற்கும் காரணம் உண்டு. சட்டப்படி பார்வையற்றோர் எனப்படுவோரில் பலருக்கு ஓரளவு பார்வை இருக்கும். சாம்பல் தரையில் மஞ்சள் பளிச்சென்று தெரியும். அழகு கெடுகிறது என்று தரையின் நிறத்திலேயே கல் பதிப்பது அவர்களுடைய வழியை அழிப்பதுதான். தடத்தின் மேல் பைக்கை நிறுத்துவதும் அப்படியே.

இந்தியாவில் இந்தத் தடத்தை மெட்ரோ ரயில்கள் பரவலாக்கின. 2015-ல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவிலும் அது உண்டு. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நடைபாதையில் மரத்திலோ மின்பெட்டியிலோ போய் முட்டும் தடங்களைக் காணலாம். கணக்குக்காகப் பதித்த கல் வழி காட்டாது. நம்பி நடப்பவரைக் காயப்படுத்தும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல் வசதிகளைக் கட்டாயமாக்கியது. ஆனால் 2017-ல் வந்த விதிகளில் 15-வது விதி, அவற்றின் தரங்களை வெறும் பரிந்துரைகளாகச் சுருக்கிவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயத் தரங்களை 3 மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.