தண்டவாளத்தை நுண்ணோக்கியில் வைக்கச் சொன்னவர்

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் அறையின் தூணுக்குள் ஓடும் கம்பியில் ஒரு பொருள் இருக்கிறது. அதை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி என்ற ஆங்கிலேயர். கத்திக்கும் எஃகுக்கும் பேர்போன ஷெஃபீல்டு ஊர்க்காரர். 1826-இல் பிறந்தவர். கல்லூரிப் படியே ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியரோடு படிப்பு முடிந்தது. இளம் வயதிலேயே தந்தை இறந்ததும் குடும்பச் சொத்து கைக்கு வந்தது. அதிலிருந்து வந்த வருமானத்திலேயே கடைசி வரை வாழ்ந்தார். எங்கள் வங்கி மொழியில் சொன்னால், வட்டியில் சாப்பிட்டு அசலை அறிவியலுக்குப் போட்டவர்.

அவர் முதலில் கையில் எடுத்தது கல். பாறையைக் காகிதத்தைவிட மெல்லியதாகத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். மலையைப் போய் நுண்ணோக்கியில் பார்ப்பதா என்று சிரித்தார்கள். இன்று புவியியல் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

விண்கற்களில் இரும்பு இருப்பதால் அவர் கவனம் இரும்புக்குத் திரும்பியது. விண்கல்லை அறுத்து மெருகேற்றிச் சூடாக்கினால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும் என்பது 1808-லேயே வியன்னாவில் விட்மான்ஷ்டெட்டன் கண்டது. வானத்து இரும்பில் அப்படி என்றால், ஊர் உலையில் உருக்கிய எஃகில் என்ன தெரியும்? இதுதான் சோர்பியின் கேள்வி.

இதில் சிக்கல் ஒன்று உண்டு. கல்லை மெல்லியதாக்கினால் ஒளி உள்ளே போகும். எஃகை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆகவே மேலிருந்து ஒளி விழுந்து திரும்புவதற்குச் சிறு கண்ணாடி வைத்து ஓர் ஏற்பாடு செய்தார். எஃகின் முகத்தை எமரித் தாளில் தேய்த்து, நகைப் பட்டறையில் மெருகுக்குப் பயன்படும் சிவப்புப் பொடியால் பளபளவென்று ஆக்கினார். பிறகு மிகவும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தொட்டார். எஃகில் ஒரு பகுதியை அமிலம் அதிகம் அரிக்கும், இன்னொரு பகுதியைக் குறைவாக அரிக்கும். அந்த வேறுபாட்டில்தான் உள்ளமைப்பு தெரிந்தது. இது 1863-இல். மறு வருடம் பாத் நகரில் நடந்த பிரிட்டிஷ் சங்கக் கூட்டத்தில் படங்களோடு காட்டினார்.

யாரும் அசையவில்லை. எஃகு விற்றுக்கொண்டிருந்தது, ஆலைக்காரருக்கு அதுவே போதும். நல்ல இரும்பு நார் நாராக இருக்கும், அதிர்ந்து அதிர்ந்து படிகமாகி ஒருநாள் உடையும் என்பது அன்று பலரது நம்பிக்கை. இரும்பு எப்போதுமே படிகம்தான் என்று சோர்பியின் படங்கள் காட்டின. ரயில் விபத்து நடந்தால் தண்டவாளத்தைப் பெயர்த்து நுண்ணோக்கியில் பாருங்கள் என்று அந்த நாளில் தான் சொல்லியிருந்தால், தன்னைப் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பியிருப்பார்கள் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, இதைக் கசப்பில்லாமல் சொன்னதுதான். அவரும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். பின்னாளில் ஒரு படகு வாங்கி, கோடைக்காலமெல்லாம் அதிலேயே இருந்து கடல் உயிர்களை ஆராய்ந்தார்.

ஏறத்தாழ 20 வருடம் கழித்து எஃகுக்குத் திரும்பினார். இம்முறை 650 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது, முன்பு முத்துச் சிப்பிபோல் மினுங்கியதாக மட்டும் தெரிந்த பகுதி, அடுக்கடுக்கான தகடுகளாகப் பிரிந்து தெரிந்தது. மெதுவான இரும்புத் தகடு ஒன்று, கார்பன் சேர்ந்த கடினத் தகடு ஒன்று, மறுபடி இரும்பு. இட்லிக் கொப்பரைத் தட்டுகள் மாதிரி அல்ல, மாவு பிசைந்து மடித்து மடித்துப் போட்ட பரோட்டா மாதிரி. 1887-இல் வெளியிட்டார். முத்து மினுக்கால் அதற்குப் 'பியர்லைட்' என்று பெயர் வந்தது. இதற்கிடையில் ஜெர்மனியில் அடால்ஃப் மார்ட்டென்ஸ் தனியாக இதே வழியில் இறங்கியிருந்தார். சூடான எஃகைச் சட்டென்று குளிரவைத்தால் உண்டாகும் கடினமான அமைப்புக்கு 'மார்ட்டென்சைட்' என்று அவர் பெயரையே வைத்தார்கள். சோர்பியின் பெயரில் வைத்த 'சோர்பைட்' புழக்கத்தில் நிற்கவில்லை. இது கொஞ்சம் அநியாயம்தான்.

1895-இல் இங்கிலாந்தின் செயின்ட் நியோட்ஸ் அருகே தண்டவாளம் உடைந்து ரயில் தடம் புரண்டது. அந்தத் தண்டவாளம் நுண்ணோக்கிக்குப் போனது. சோர்பி 1908 வரை உயிரோடிருந்தார்; தன் வேலைக்கு மதிப்பு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இனி நம் தொட்டித் தூண் விஷயம். பழுதுபார்க்க வாங்கப்போவது டிஎம்டி கம்பி. ஆலையில் சிவக்கச் சூடாக உருண்டு வரும் கம்பியின்மேல் வேகமாகத் தண்ணீர் அடிப்பார்கள். வெளித்தோல் மார்ட்டென்சைட் ஆகிவிடும். நடுவில் மிச்சமிருக்கும் சூடு வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். நடுப்பகுதி மெல்ல ஆறி, மெதுவான இரும்பும் பியர்லைட்டுமாக நிற்கும். தோல் வலுவைத் தரும், நடுப்பகுதி ஒடியாமல் வளைந்துகொடுக்கும். குறுக்கே வெட்டி, தேய்த்து, சோர்பி செய்ததுபோல் அமிலம் தொட்டால், ஓரத்தைச் சுற்றி ஒரு கருத்த வளையம் வெறும் கண்ணுக்கே தெரியும். வளையம் முழுதாக, சம தடிப்பாகச் சுற்றி வரவேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால் தண்ணீர் சரியாகப் படவில்லை என்று பொருள். கம்பியின் மேலே அச்சிட்ட பெயரைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது.

டன் விலையில் 500 ரூபாய் குறைப்பதற்கு நாம் கூட்டத்தில் செலவழித்த நேரத்தில் பாதி போதும், இந்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்ய. வீட்டில் முயல வேண்டாம், அமில வேலை ஆய்வகத்தில்தான். லோடு இறங்கும் அன்று ஒவ்வொரு அளவிலும் ஒரு சாண் துண்டு வெட்டி வைக்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சோதனை முடிந்த துண்டுகள் சங்க அலுவலக மேசையில் இருக்கும். மூக்குக்கண்ணாடி எடுத்துக்கொண்டு வாருங்கள்.