விமானியின் வரிசை எண்: வேலை மாறினால் எது கூட வரும்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அத்தான் விமானி. பதினாலு வருஷமா ஒரே நிறுவனத்தில் ஓட்டுகிறார், இப்போ கேப்டன். சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தி. இடது பக்கம் 'இருந்தால்', வலது பக்கம் 'போனால்'. வேறொரு நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது, சம்பளமும் அதிகம். ஆனால் இவருக்கு வயது 41.

"நீதான் வாரா வாரம் வரலாறு பேசுறியே, இதுக்கு வரலாறு என்ன சொல்லுதுன்னு சொல்லு பாப்போம்" என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்ததைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. நம்மில் பலர் ஐடி-யில் இருக்கிறோம். ஏழு வருஷ அனுபவத்தைக் காட்டி அடுத்த கம்பெனியில் ஒரு படி மேலே போய் உட்காரலாம். விமானிகளுக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை. சேர்ந்த தேதியை வைத்து அவர்களுக்கு ஒரு சீனியாரிட்டி எண் உண்டு. எந்த ஊரில் இருந்து பறப்பது, எந்த விமானம், எப்போது கேப்டன், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. ஆட்குறைப்பு வந்தால் வரிசையின் கடைசியில் இருந்துதான் வெட்டுவார்கள். வேறு நிறுவனத்துக்குப் போனால் லாக்புக்கில் இருக்கும் பறந்த மணிநேரம் கூட வரும். எண் வராது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் இருபது வருஷம் கேப்டனாக இருந்தவரும், மாறினால் கடைசி ஆளாகத் துணை விமானி இருக்கையில்தான் தொடங்க வேண்டும். இந்தியாவில் கேப்டன் தட்டுப்பாடு இருக்கும்போது நேரடியாகக் கேப்டனாக எடுப்பார்கள். அப்போதும் வரிசையில் புது ஆள் புது ஆள்தான்.

இவ்வளவு கறாரான முறையை முதலாளிகள்தான் கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. விமானிகளே போராடி வாங்கியது இது.

கதை 1919-க்குப் போகிறது. அப்போது அமெரிக்காவில் விமானத்தில் தபால் கொண்டுபோனது அரசின் தபால் துறை. ரேடார் கிடையாது, விமானி அறைக்குக் கூரை கிடையாது, வானிலைத் தகவலும் பெயருக்குத்தான். தபால் துறை விமானம் ஓட்டிய அந்தச் சில வருஷங்களில் 30-க்கும் மேற்பட்ட விமானிகள் செத்துப்போனார்கள். அந்த ஜூலை மாதம், நியூயார்க் பக்கம் பெல்மான்ட் பார்க்கில் கடும் மூடுபனி. லியான் ஸ்மித் என்ற விமானி பறக்க மாட்டேன் என்றார். பதிலுக்கு ஹாமில்டன் லீ என்பவரைக் கூப்பிட்டார்கள். அவரும் மாட்டேன் என்றார். வாஷிங்டனில் விமானத் தபாலுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி ஓட்டோ பிரேகர் இரண்டு பேரையும் வேலையை விட்டு நீக்கினார்.

மற்ற விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நாட்களில் சமரசம் ஆனது. பறக்கலாமா கூடாதா என்பதை இனிமேல் வாஷிங்டனில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது, அந்தந்த நிலையத்தில் இருப்பவரே வானத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும் என்றானது. லீக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஸ்மித்துக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்தான். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பது மேலே இருப்பவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பயம் விமானிகளை விட்டுப் போகவே இல்லை. மேலதிகாரிக்குப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைக்கிற விமானி, மூடுபனியில் 'மாட்டேன்' என்று சொல்லத் தயங்குவார். 1931-ல் டேவிட் பென்கி என்ற விமானி சிகாகோவில் விமானிகள் சங்கத்தைத் தொடங்கினார். ரயில்வே தொழிலாளர்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு 1936-ல் விமானிகளுக்கும் வந்தது. 1939-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு அந்தச் சங்கத்தின் முதல் ஒப்பந்தம். அடுத்தடுத்து வந்த ஒப்பந்தங்களில் ரயில்வே பாணி சீனியாரிட்டி வேர்விட்டது. முகத்தைப் பார்க்காதே, தேதியைப் பார். யாருக்கும் யாரையும் காக்கா பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்த ஹாமில்டன் லீ என்ன ஆனார் தெரியுமா? தபால் துறை 1927-ல் அந்த வழித்தடத்தைத் தனியாரிடம் கொடுத்தபோது அவரும் அங்கே போனார். அந்த நிறுவனம் பின்னால் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஆனது. 1949-ல் யுனைடெட்டின் மிக மூத்த விமானியாக ஓய்வு பெற்றார். ஒரு காலத்தில் வேலையை விட்டு நீக்கப்பட்டவர்.

சரி, விமானியைக் காப்பாற்ற வந்த எண் எப்போது காலில் கட்டின கல் ஆனது? நிறுவனங்கள் சாகத் தொடங்கியபோது. 1978-ல் அமெரிக்கா விமானத் துறையில் கட்டுப்பாடுகளை நீக்கியது. எந்த வழியில் பறப்பது, என்ன கட்டணம் என்பதெல்லாம் சந்தையின் கையில். போட்டியில் பெரிய தலைகளே சரிந்தன. பான் ஆம் 1985-ல் தன் பசிபிக் வழித்தடங்களை யுனைடெட்டுக்கு 75 கோடி டாலருக்கு விற்றது. விமானங்களோடு விமானிகளில் ஒரு பகுதியினரும் அங்கே போனார்கள். மிச்சமிருந்தவர்கள் பான் ஆமிலேயே இருந்தார்கள். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற விமான நிறுவனம், அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது? 1991 டிசம்பர் 4-ம் தேதி பான் ஆம் மூடப்பட்டது. மேலே ஏற ஏற மதிப்பு கூடின அந்த எண் ஒரே நாளில் வெறும் எண் ஆனது.

டி.டபிள்யூ.ஏ கதை இன்னும் கொடுமை. 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதை வாங்கியது. டி.டபிள்யூ.ஏ விமானிகளில் பெரும் பகுதியினரை அமெரிக்கனின் வரிசைக்குக் கடைசியில் கொண்டுபோய் ஒட்டினார்கள். சில மாதங்களில் செப்டம்பர் 11 தாக்குதல். பயணிகள் குறைந்தார்கள், ஆட்குறைப்பு வந்தது. கடைசியில் இருந்து வெட்டும்போது முதலில் போனது யார்? இவர்களில் யாரும் வேலை மாற முடிவு செய்யவே இல்லை. இணைப்பின்போது இரண்டு தரப்பு வரிசையையும் நியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 2007-ல். இவர்களுக்கு ஆறு வருஷம் லேட்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1953-ல் தனியார் விமான நிறுவனங்கள் அரசுடைமை ஆகின. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் உள்நாட்டில் பறக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் இந்தியன் ஏர்லைன்ஸ்தான். விமானிக்கு மாறுவதற்கு இடமே இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கதவு திறந்தது. ஈஸ்ட்-வெஸ்ட், டமானியா, மோடிலுஃப்ட், மெட்ராஸில் என்இபிசி, 1993 மே மாதம் ஜெட் ஏர்வேஸ். எல்லோருக்கும் உடனே கேப்டன்கள் வேண்டும், இருந்த இடமோ இந்தியன் ஏர்லைன்ஸ். அரசு வேலை, பாதுகாப்பு, வரிசை எண் ஒரு பக்கம். பல மடங்கு சம்பளம் இன்னொரு பக்கம். நிறைய பேர் போனார்கள்.

ஈஸ்ட்-வெஸ்ட்டுக்குப் போனவர்களுக்கு 1996-லேயே கதை முடிந்தது. மோடிலுஃப்ட்டுக்கும் அதே வருஷம். டமானியாவை என்இபிசி வாங்கியது, 1997-ல் என்இபிசியும் நின்றுபோனது. ஜெட்டுக்குப் போனவர்கள் கெட்டிக்காரர்கள் என்று தோன்றும். ஜெட் நின்றது 2019 ஏப்ரல் 17. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 1993-ல் 40 வயதில் ஜெட்டில் சேர்ந்தவருக்கு 2018-ல் 65 வயது, அதாவது ஓய்வு. நிறுவனம் நிற்பதற்கு ஒரு வருஷம் முன்னால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். அதே வருஷம் 25 வயதில் சேர்ந்தவருக்கு 2019-ல் வயது 51. சம்பளப் பாக்கியோடு புது வேலை தேட வேண்டும், புது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். ஒரே வருஷம், ஒரே நிறுவனம், ஒரே முடிவு.

அப்போ இந்தியன் ஏர்லைன்ஸிலேயே இருந்தவர்கள் தப்பித்தார்களா? 2007-ல் அதை ஏர் இந்தியாவோடு இணைத்தார்கள். புதிதாக வந்த ட்ரீம்லைனர் விமானத்துக்கு எந்தத் தரப்பு விமானிகளுக்குப் பயிற்சி என்பதில் சண்டை. 2012-ல் ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இருந்த இடத்திலேயே இருந்தாலும் வரிசை நகர்ந்துவிட்டது.

இதை எல்லாம் போன வாரம் அத்தானிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ போகவா, வேண்டாமா?" என்றார். எனக்குப் பட்டதைச் சொன்னேன்: "அத்தான், உங்க தாள்ல ரெண்டு பத்திதான் இருக்கு. மூணாவது ஒண்ணு வேணும். 'நான் இருந்தும் கம்பெனி மாறிட்டா'ன்னு."

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பேனாவை எடுத்தார். தனக்கு மேலே இருப்பவர்களில் அடுத்த பத்து வருஷத்தில் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள், இரண்டு நிறுவனங்களும் எத்தனை விமானம் வாங்கப் போகின்றன, அதற்குப் பணம் யாருடையது, 65 வரைக்கும் இருக்கும் 24 வருஷத்தில் எந்த நிறுவனம் தாங்கும் என்று எழுதிக்கொண்டே போனார். நோட்டீஸ் கணக்கும் உண்டு. 2017-ல் டிஜிசிஏ கொண்டு வந்த விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருஷ நோட்டீஸ். இன்றைக்குக் கூப்பிடுகிற நிறுவனம் ஒரு வருஷம் கழித்தும் அதே நிலையில் இருக்குமா? நோட்டீஸ் முடியாமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். 2023-ல் ஆகாசா ஏரில் 43 விமானிகள் அப்படி விலகியபோது விமானங்கள் ரத்தாயின, விவகாரம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது.

அத்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கேப்டனாகவே எடுப்பீர்களா, வரிசையில் என் இடம் எது, எழுத்தில் கொடுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. அக்கா மட்டும் சமையலறையில் இருந்தே சொன்னாள்: "தீபாவளிக்கு வீட்ல இருப்பீங்களான்னும் சேர்த்துக் கேளுங்க."

உங்க வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருந்தால், அதில் எத்தனை பத்தி என்று எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.