கைப்பேசியும் வேர்ச்சாவியும்



சென்ற தவணையில் ஒரு தந்தையார், “சார், பையன் போனை ‘ரூட்’ பண்ணப் போறேங்கறான். பண்ணலாமா?” என்று என்னைக் கேட்டார். ஒரு சொல்லில் பதில் கூற இயலவில்லை. ஆகவே அதன் வரலாற்றை இங்கே எழுதலானேன்.

நம் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது பெரியவர்கள் அறிந்ததே. லயத்து வீட்டில் குடியிருந்தது நாம், வீடோ கம்பெனியுடையது. கைப்பேசியும் ஏறத்தாழ அப்படித்தான். காசு கொடுத்து வாங்கினாலும் உள்ளறைச் சாவி தயாரிப்பாளரிடமே இருக்கிறது. அதை நாம் எடுத்துக்கொள்வதே ‘ரூட்’ செய்தல். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸ் முறையில், முழு அதிகாரம் உடையவருக்கு ‘ரூட்’, அதாவது வேர், என்று பெயர்.

முதல் ஆண்டிராய்டு கைப்பேசி 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே பூட்டு திறந்துகொண்டது! ஒருவர் ஆங்கிலத்தில் ‘ரீபூட்’ என்று தட்ட, கைப்பேசி அணைந்து மறுபடி எழுந்ததாம். தட்டிய எழுத்தெல்லாம் வேருக்குக் கட்டளையாகப் போயிருக்கிறது. கூகிள் அந்த ஓட்டையை உடனே அடைத்தது. 2010 ஜூலையில் அமெரிக்க அரசு, சொந்தக் கைப்பேசியின் பூட்டை இவ்வாறு திறப்பது பதிப்புரிமைக் குற்றமன்று என விலக்களித்தது.

நம்மவருக்கு அது தமிழுக்காகவே வேண்டியிருந்தது. கோலாலம்பூர் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ 2005லேயே கைப்பேசியில் தமிழை எழுத வைத்துவிட்டது. ஆனால் பின்னர் வந்த ஆண்டிராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. நண்பன் ‘அம்மா’ என்று அனுப்பினால் வெறும் கட்டங்களே தெரியும். எழுத்துருவை உள்ளே வைக்க ரூட் செய்தாக வேண்டும். மாணவனாக இருந்த நானும் செய்தேன். தமிழ் தெரிந்தது, கொம்பு மட்டும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது! அதைச் சரிசெய்யப் போனபோது பாதியில் பேட்டரி தீர்ந்தது. பிறகு போன் எழவே இல்லை. உத்தரவாதம் செல்லாதென்று கடையில் கைவிரித்தார்கள். அப்பா ஓவர்டைம் செய்து வாங்கித் தந்த போன் அது. அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2011க்குப் பிறகு தமிழ் படிப்படியாக உள்ளேயே வந்துவிட்டது. ஆக, அந்தக் காரணம் போயிற்று. கம்பெனி கைவிட்ட பழைய போனுக்குப் புது இயங்குதளம் போடலாம், வேண்டாத செயலிகளை நீக்கலாம் என்பவை இன்றும் உண்மையே. ஆனால் வங்கிச் செயலிகள் பல, ரூட் செய்த போனில் இயங்க மறுக்கின்றன. திருட்டுச் செயலி ஒன்று நுழைந்து வேர் அனுமதியும் பெற்றுவிட்டால், வீடு முழுவதும் அதன் கையில்.

அந்தத் தந்தையாரிடம், “சம்பளப் பணம் வந்து சேர்ற போன்ல வேணாங்க. பழசு ஏதாச்சும் இருந்தா, படமெல்லாம் வேற இடத்துல எடுத்து வச்சிட்டு, அதுல பழகட்டும்” என்றேன். அலமாரியில் ஒன்று கிடக்கிறதாம்.