வகுப்பு முன்னே, ஆசிரியர் பின்னே: கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சி

மலேசியாவில் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கென்று தனி உரிமம் கிடையாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஆசிரியராகப் பதிவு பெற்றவரோ கற்பித்தல் அனுமதி பெற்றவரோதான் கல்வி நிலையத்தில் பாடம் நடத்தலாம். பார்வையற்ற பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவரும் ஐந்தாம் படிவத்துக்குக் கணிதம் சொல்லித் தருபவரும் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அரசுப் பள்ளி வேலை என்றால் 1974 முதல் இயங்கிவரும் கல்விச் சேவை ஆணையத்தின் நியமனமும் தேவை. இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழு சிறப்புக் கல்வியாளர்களுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. மலேசியாவில் ஒருவரைச் சிறப்புக் கல்வி ஆசிரியராக அடையாளம் காட்டுவது அவர் படித்த படிப்பும் அதில் எடுத்த சிறப்புப் பாடமும்தான். அந்தப் படிப்புகள் எப்போது எதற்காக வந்தன என்று வரிசையாகப் பார்த்தால், ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் வகுப்பு முதலில் திறக்கப்பட்டு, அதற்கான ஆசிரியரை உருவாக்கும் படிப்பு பின்னால் ஓடிவந்திருப்பது தெரியும்.

தொடக்கம் மதப் பணியாளர்களிடமிருந்து வந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபை 1926இல் மலாக்காவில் பார்வையற்ற பிள்ளைகளுக்காகச் செயின்ட் நிக்கலஸ் இல்லத்தைத் தொடங்கியது. 1931இல் அது பினாங்குக்கு மாறியது. தமிழகத்தில் இதே வகைப் பணி அதற்கு ஒரு தலைமுறை முன்பே பாளையங்கோட்டையில் நடந்துகொண்டிருந்தது. பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே பள்ளிகள் எழுந்திருந்தன. இரண்டு இடங்களிலும் ஆசிரியர் என்பவர் அருள்பணியாளர், அல்லது அவரிடம் கூட இருந்து கற்றுக்கொண்டவர். சான்றிதழ் பற்றி யாரும் கேட்கவில்லை. போருக்குப் பின் 1948இல் ஜொகூர் பாருவில் பிரின்சஸ் எலிசபெத் பார்வையற்றோர் பள்ளியும், 1954இல் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் செவித்திறன் அற்றோருக்கான கூட்டரசுப் பள்ளியும் வந்தன. உள்நாட்டில் பயிற்சி இல்லாத காலம் அது. இத்துறையில் முறையாகக் கற்க விரும்பியவர் கடல் கடந்தாக வேண்டும். செவித்திறன் அற்றோருக்கான ஆசிரியர்களை 1919 முதலே பயிற்றுவித்து வந்த மான்செஸ்டர் பல்கலைக்கழகம் அந்நாளில் இத்துறையின் பெரிய மையங்களுள் ஒன்று.

கோலாலம்பூரில் இந்த வரலாறு பிரிக்பீல்ட்ஸில் தொடங்குகிறது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, பின்னர் ரயில்வே குடியிருப்புகளால் இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் நிறைந்த பேட்டை அது. மலாயா பார்வையற்றோர் சங்கம் 1951இல் அமைந்தது. 1953இல் அதன் கர்னி பயிற்சி நிலையம் பிரிக்பீல்ட்ஸில் திறக்கப்பட்டது. 1951 அக்டோபரில் ஃபிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் நினைவாக வைத்த பெயர் அது. அங்கே கற்பித்தது பிரம்பு பின்னுதல், தொலைபேசி இணைப்பகப் பணி, உடல் பிடித்துவிடுதல் போன்ற தொழில்கள். இன்று ஜாலான் தம்பிப்பிள்ளை வட்டாரத்தில் காணும் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களுக்கும், நடைபாதையில் பதித்த மேடு தட்டும் மஞ்சள் கற்களுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. தொழில் கற்பிக்க ஒரு கைவினைஞர் போதும்; ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தர அது போதாது. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு அரசிடம் வந்தது.

1960இல் கோலாலம்பூரில் சிறப்பாசிரியர் பயிற்சி நிலையம் உருவானது. பின்னாளில் ‘மக்தாப் பெர்குருவான் இல்மு காஸ்’ என்றும், இன்று ஆசிரியர் கல்விக் கழகத்தின் இல்மு காஸ் வளாகம் என்றும் அறியப்படுவது அதுதான். செராஸ் ஜாலான் யாக்கோப் லத்தீப்பில் இருக்கிறது. 1962இல் பார்வையற்ற மாணவர்களைச் சாதாரணப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்கவைக்கும் திட்டமும் அதற்கான ஆசிரியர் பயிற்சியும் தொடங்கின. 1963இல் செவித்திறன் அற்றோருக்கான ஆசிரியர் பயிற்சி சேர்ந்தது. இதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பணியில் இருந்த பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். அதாவது சிறப்புக் கல்வி என்பது முழு ஆசிரியர் ஒருவர் கூடுதலாகக் கற்றுக்கொள்ளும் திறன் என்றே அன்று கருதப்பட்டது. பின்வந்த பட்டப்படிப்புகளில் இல்லாத ஒரு வலிமை இந்த ஏற்பாட்டில் இருந்தது: நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பு எப்படி நகரும் என்பதை அறிந்தவர்தான் அதில் அமர்ந்த பார்வையற்ற ஒரு பிள்ளைக்குத் துணையாகப் போனார்.

அந்தத் துணை எப்படிப்பட்டது என்பதை, சாதாரணப் பள்ளிக்குள் பார்வையற்ற மாணவருக்கென ஒதுக்கிய வள அறையில் பார்க்கலாம். புள்ளிகளுக்கென ஆறு விசைகள் கொண்ட பெர்கின்ஸ் இயந்திரத்தில் மாணவர் தம் விடையைப் புள்ளி எழுத்தில் அடிப்பார். இயந்திரம் இல்லாதபோது தகடும் ஊசியும்தான்; அதில் குத்தும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும், தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாகப் படிக்க முடியும். வகுப்பாசிரியருக்கு அந்தப் புள்ளிகள் புரியா. எனவே வள ஆசிரியர் ஒவ்வொரு புள்ளி வரிக்கும் மேலே மையால் அதே விடையை எழுதிக் கொடுப்பார். வகுப்பாசிரியர் அதைத் திருத்துவார். தேர்வுத் தாளென்றால் எதிர்த்திசையில் அதே வேலை. வரைபடங்களையும் முக்கோணங்களையும் விரல் உணரும்படி மேடாக்கித் தருவதும் அவர் பொறுப்பு. இந்தக் கைப்பழக்கத்தை விரிவுரையில் கற்க முடியாது. செராஸ் பயிற்சியின் மதிப்பு அதைச் செய்ய வைத்ததில் இருந்தது.

செவித்திறன் அற்றோர் கல்வியில் ஆசிரியர் பயிற்சி ஒருமுறை அடியோடு மாறியது. பினாங்குப் பள்ளி உதட்டசைவைப் படித்துப் பேசப் பழக்கும் வாய்மொழி முறையைப் பின்பற்றியது. சைகைக்கு வகுப்பில் இடமில்லை. 1970களின் பிற்பாதியில் பேச்சு, சைகை, எழுத்து மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் முழுமைத் தொடர்பு முறை வந்தது. அதற்காக மலாய்மொழிக் கைக்குறியீடு உருவாக்கப்பட்டது. மலாய்ச் சொல்லின் ஒவ்வொரு முன்னொட்டுக்கும் பின்னொட்டுக்கும் அதில் தனிக் குறி உண்டு: ‘அஜார்’ என்ற வேர்ச்சொல்லுக்கு ஒரு சைகை, அதை ‘பெலாஜாரான்’ ஆக்க முன்னும் பின்னும் இன்னும் இரண்டு. இலக்கணத்தைக் கண்ணுக்குக் காட்டியது. ஆனால் மிகவும் மெதுவானது. செவித்திறன் அற்றோர் தங்களுக்குள் பேசிக்கொண்ட சைகை மொழி வேறாகவே இருந்தது. பள்ளிக் குறியீட்டை மட்டும் கற்று வந்த ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸ் ஒய்எம்சிஏ-வில் கூடும் செவித்திறன் அற்றோரிடையே போய் நின்றால் பாதி புரியாமல் திகைத்திருப்பார். பயிற்சித் திட்டம் அந்தச் சமூகத்தையே ஆசானாகக் கொண்டிருந்தால் பல ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

இதுவரை சொன்னது பார்வையும் செவியும் பற்றியது. அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகள், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஆகியோரைக் கல்வி அமைச்சு நீண்ட காலம் சமூகநலத் துறைக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் விட்டிருந்தது. மலேசிய ஆட்டிசச் சங்கம் 1980களின் பிற்பகுதியில் உருவானது. பெட்டாலிங் ஜெயாவில் கிவானிஸ் டவுன் சிண்ட்ரோம் நிலையம் வந்ததும் அக்காலத்தில்தான். இவற்றில் பலவற்றைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெற்றோர். இத்தகைய நிலையங்கள் பள்ளிகளாகக் கருதப்படாமல், 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்கீழ் வந்ததால், அங்கே கற்பிக்க ஆசிரியர் பதிவு கட்டாயமில்லை. பட்டமில்லாத, ஆனால் பழுத்த அனுபவமுள்ள பெண்கள் பலர் அங்கே ஆயுள் முழுக்க உழைத்தார்கள். அரசு ஊதியமும் ஓய்வூதியமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அரசுப் பள்ளியில் கற்றல் குறைபாடு உள்ளோருக்கான முதல் முன்னோடி வகுப்பு 1988இல் கோலாலம்பூர் ஜாலான் பத்து தொடக்கப் பள்ளியில் திறக்கப்பட்டது. இத்தகைய வகுப்புகள் ஒவ்வொரு மாநிலமாகப் பெருகின. அதற்கேற்பப் பல்கலைக்கழகம் அசைந்தது 1993இல்: மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் சிறப்புக் கல்வியில் இளங்கலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஸ்பெயினின் சலமான்காவில் 92 அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கும் கொள்கையை அறிவித்தன. 1995இல் கல்வி அமைச்சில் சிறப்புக் கல்வித் துறை தனியாக அமைந்தது. 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள் தனிப்பள்ளி, சாதாரணப் பள்ளியில் தனி வகுப்பு, மற்ற மாணவரோடு சேர்ந்து படிக்கும் ஒருங்கிணைந்த வகுப்பு என மூன்று வழிகளை வகுத்தன. அவற்றில் ஒரு கொடிய வரியும் இருந்தது. ‘கற்பிக்கத்தக்கவர்’ என்று கருதப்பட்ட பிள்ளைக்கே அந்த வாசல் திறந்தது. பல குறைபாடுகள் ஒருசேர உள்ள பிள்ளையும் கடுமையான அறிவுக் குறைபாடு உள்ள பிள்ளையும் வெளியே நிறுத்தப்பட்டனர். பிள்ளையின் தகுதியை எடைபோட்ட விதிகள், அப்பிள்ளைக்கு முன் நிற்கும் ஆசிரியர் எந்தப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதில் அந்தக் கண்டிப்பைக் காட்டவில்லை.

பட்டதாரிகளுக்கான வழி இந்தக் காலத்தில்தான் அகன்றது. வேறு துறையில் பட்டம் பெற்றவர் ஆசிரியராக மாற, ‘கேபிஎல்ஐ’ என்று எல்லோரும் சொன்ன ஓராண்டுப் பட்டதாரி ஆசிரியர் பயிற்சி இருந்தது. அதில் சிறப்புக் கல்வியையும் விருப்பப் பாடமாக எடுக்கலாம். 2000களின் பிற்பாதியில் பயிற்சிக் கல்லூரிகள் ஆசிரியர் கல்விக் கழகங்களாக உயர்ந்து பட்டம் வழங்கத் தொடங்கின. எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வு முடித்தவர் ஆயத்தப் படிப்பும் நான்காண்டு இளங்கலையும் முடித்து நேராகச் சிறப்புக் கல்வி வகுப்புக்குள் வர வழி பிறந்தது. பட்டயம் மட்டும் வைத்திருந்த மூத்த ஆசிரியர்கள் பணியில் இருந்துகொண்டே பட்டம் பெறும் திட்டங்களில் சேர்ந்தார்கள். வார இறுதி வகுப்புகளுக்குப் பிறகு திங்கட்கிழமை வழக்கம்போல் பள்ளிக்குப் போனார்கள். தேசியப் பல்கலைக்கழகமும் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் சிறப்புக் கல்வியில் முதுகலைப் படிப்பும் நடத்துகின்றன.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சிறப்புக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றாலே ஆசிரியராகிவிடலாம் என்பது தவறான எண்ணம். ஆசிரியத் தொழில் தகுதி என்பது வேறு. கல்வியியல் இளங்கலையோ பட்டத்துக்குப் பிந்தைய கல்வியியல் டிப்ளோமாவோ அதைத் தரும். முதுகலை அறிவை ஆழப்படுத்தும், ஆய்வுக்கும் விரிவுரையாளர் பணிக்கும் வழி திறக்கும். உளவியல் பட்டத்தோடு நேராக முதுகலை முடித்தவர், அந்த டிப்ளோமா இல்லையென்றால் அரசு வகுப்பறையின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

2013இல் விதிகள் திருத்தப்பட்டன. அதே ஆண்டு வந்த கல்விப் பெருந்திட்டம், 2025க்குள் சிறப்புத் தேவையுள்ள மாணவரில் 75 விழுக்காட்டினர் ஒருங்கிணைந்த வகுப்புகளில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2019 பள்ளியாண்டு முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை நடப்புக்கு வந்தது. 1997இன் வாசல் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தது பெரும் நன்மை. ஆனால் சிறப்புக் கல்வி வகுப்புக்கெனப் படித்தவரோடு கணித ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் இப்போது அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் குறுகிய காலப் பயிற்சி. 1962இல் செராஸ் தொடங்கிய அந்த மூத்த முறை, அதாவது வகுப்பறை அறிந்த ஆசிரியரை நிறுத்தி நிதானமாகச் சிறப்புப் பயிற்சி தருவது, இப்போதுதான் மிகவும் தேவைப்படுகிறது. சிறப்புக் கல்வி வகுப்பு ஆசிரியருக்காவது மாதம் 250 ரிங்கிட் ஊக்கத்தொகை உண்டு. ‘பிபிஎம்’ என்று பள்ளிகளில் அழைக்கப்படும் மாணவர் நிர்வாக உதவியாளரும் துணைக்கு இருப்பார்.

தமிழ்ப்பள்ளிகளுக்கு இந்த வரலாறு தாமதமாகவே வந்து சேர்ந்தது. சிறப்புக் கல்வி வகுப்புகள் பெரும்பாலும் தேசியப் பள்ளிகளில் திறக்கப்பட்டதால், கிள்ளானில் வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த ஆட்டிசக் குழந்தை, பேச்சே பெரும்பாடாக இருக்கும் நிலையில், மலாய்மொழி வகுப்பில் உட்கார நேர்ந்தது. தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் இப்போது இந்த வகுப்புகள் நடக்கின்றன. தேசியப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை குறைவு. ஒரு பள்ளியில் வகுப்பு திறக்கக் குறைந்தது ஐந்து மாணவர்கள் வேண்டும். ஒவ்வொருவருக்கும் மருத்துவரின் உறுதிச் சான்று வேண்டும். அதைப் பெறப் பெற்றோர் அரசு மருத்துவமனைக்கு நடக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் கிடைத்து அறையும் தயாரான பிறகு, தமிழும் தெரிந்து சிறப்புக் கல்வியும் படித்த ஆசிரியரைத் தேட வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வர விரும்பும் இளையோர் பலர் தமிழ்மொழிப் பிரிவையே முதலில் எழுதுகிறார்கள். சிறப்புக் கல்வியைத் தேர்ந்தெடுப்போர் சிலரே. ஏற்கெனவே தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுபவர் பணியிலிருந்தபடியே முதுகலைக்கோ சிறப்புப் பயிற்சிக்கோ போவது இன்னொரு வழி. தொழில் தகுதியும் பதிவும் கையில் இருப்பதால், அவருக்கு அந்தப் படிப்பு முடிந்ததும் வேறு சட்டத் தடை எதுவும் இல்லை.