வீகன் சாப்பாடு சமைத்துக் கொடுக்கப் போறீங்களா? முதல்ல இந்த 1944 கதையைப் படிங்க

1/ வேலைக்குப் போய்க்கிட்டே, வார இறுதியில் நாலைந்து வீடுகளுக்கு வீகன் சாப்பாடு சமைத்துக் கொடுக்கலாம்னு யோசிக்கிறீங்களா? நல்ல யோசனை. மெனு போடுவதற்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. உங்க வாடிக்கையாளரின் நரம்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

2/ 1944, இங்கிலாந்து. போர்க்கால ரேஷன். சைவம்னு பதிவு செய்தவங்களுக்கு இறைச்சிப் பங்குக்குப் பதிலா கூடுதல் சீஸ் கிடைத்தது. ஆனா சிலர், "பாலும் முட்டையும்கூட வேண்டாம்" என்றார்கள். தங்கள் கருத்தை எழுத சைவ சங்கத்தின் பத்திரிகையில் தனி இடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

3/ உடனே டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியர், அந்த நவம்பரில் தானே ஒரு சின்னப் பத்திரிகை தொடங்கினார். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் சேர்த்தார். 'வீகன்' பிறந்தது இப்படித்தான்.

4/ அடுத்த கேள்வி சமையலறையில்: பால், வெண்ணெய், முட்டை இல்லாம எதைச் சமைக்கிறது? 1946-ல் ஃபே ஹெண்டர்சன் வீகன் சமையல் குறிப்புப் புத்தகமே போட்டார். இன்னைக்கு நீங்க யோசிக்கிற அதே பிரச்சினைதான்.

5/ இப்போ மருத்துவப் பக்கம் வருவோம். 'பெர்னீசியஸ் அனீமியா' என்ற ரத்தசோகை ஒருகாலத்தில் உயிரைக் குடிக்கிற நோய். 1926-ல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற இரு டாக்டர்கள் நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்தார்கள். பிழைத்தார்கள்! 1934-ல் விப்பிளோடு சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு.

6/ ஆனா ஈரலில் இருக்கிற அந்தப் பொருள் என்ன? 1948 வரை தெரியாது. அந்த வருஷம்தான் அமெரிக்காவில் மெர்க், இங்கிலாந்தில் கிளாக்ஸோ, இரண்டு குழுவும் தனித்தனியா அதைச் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தன. அதுதான் வைட்டமின் பி12.

7/ தேதியைக் கவனிங்க. வீகன் என்ற பேர் 1944. பி12 கையில் கிடைத்தது 1948. தங்கள் தட்டில் என்ன குறையுதுன்னு அந்த முதல் தலைமுறைக்குத் தெரிய வழியே இல்லை.

8/ விளைவு? பலர் வருஷக்கணக்கா நல்லாவே இருந்தாங்க. சிலருக்கு நாக்குப் புண், கைகால் மரமரப்பு, தண்டுவடப் பாதிப்பு. 1955-ல் ஃபிராங்க் வோக்ஸ் குழு பிரிட்டிஷ் வீகன்களிடம் பி12 குறைபாடு பற்றி எழுதியது.

9/ ஏன் உடனே தெரியலை? நம்ம ஈரலில் சில வருஷத்துக்கான பி12 சேமிப்பு இருக்கும். அது மெதுவாத்தான் கரையும். இன்னொரு சிக்கல்: கீரை, பருப்பில் இருக்கிற ஃபோலேட் ரத்தசோகையை மறைச்சிடலாம். ரத்தம் நார்மலா தெரியும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கிட்டே போகும்.

10/ "நாங்க பால், தயிர் சாப்பிடுறோமே டாக்டர்?" 1985-ல் லண்டன் ஹாரோ பகுதி இந்து சைவர்களிடம் பி12 குறைவால் வரும் ரத்தசோகை பற்றி சனாரின் குழு லான்செட் இதழில் எழுதியது. பால் சேர்க்கிற சைவர்களுக்கே இப்படின்னா, வீகனுக்கு?

11/ பயப்பட வேண்டாம். பி12-ஐ உருவாக்குவது ஆடும் இல்லை, மாடும் இல்லை, பாக்டீரியா. மாத்திரைக்கான பி12-ஐயும் பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கிறாங்க. கொள்கைக்குப் பங்கமில்லை. இன்னைக்கு வீகன் அமைப்புகளே பி12 எடுத்துக்கச் சொல்றாங்க. பி12 சேர்த்த சோயா பாலும் கிடைக்குது, லேபிளைப் பார்த்து வாங்குங்க.

12/ அதனால் நீங்க செய்ய வேண்டியது:

• புது வாடிக்கையாளரிடம் முதல் நாளே கேளுங்க: "பி12 எடுத்துக்கறீங்களா?"
• கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், குழந்தை, முதியவர், மெட்ஃபார்மின் சாப்பிடுறவர் என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க.
• இட்லி மாவு புளிக்குது, ஸ்பைருலினா போடுறேன், அதில் பி12 வந்துடும்னு நம்பாதீங்க. நம்பி விற்கவும் செய்யாதீங்க.
• கிரீமுக்குப் பதில் முந்திரி, பாலுக்குப் பதில் சோயா போடுவீங்க. அலர்ஜி இருக்கான்னு கேட்காம ஒரு டப்பாவும் வெளியே போகக்கூடாது.
• "இதைச் சாப்பிட்டா சுகர் மாத்திரையை நிறுத்தலாம்"னு சொல்லவே சொல்லாதீங்க.
• எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுங்க. வீகன் உணவுக்குன்னு 2022-லேயே தனி விதிமுறை வந்துடுச்சு.

13/ வாட்சன் 95 வயது வரை வாழ்ந்து 2005-ல் இறந்தார். வீகனா இருந்து நல்லா வாழ முடியும். அவர் தொடங்கியபோது யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் நமக்குத் தெரியும். அதைத் தெரிஞ்சுக்கிட்டே மெனுவில் விட்டுட்டா, அது நம்ம தப்பு.

வீகன் சமையல் தொடங்கப் போற நண்பர் யாராவது இருந்தா, இதை அனுப்புங்க. 🙏