லைனஸின் போர்வை

1968ல் சைகோன் தெருவில் ஒரு கைதியின் தலைக்கு நேராகத் துப்பாக்கி நீட்டிச் சுடும் படம் பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்காக 1969ல் புலிட்சர் பரிசு வாங்கியவர் எட்டி ஆடம்ஸ். அவர் பிற்பாடு எடுத்த இன்னொரு படம் அவ்வளவு பிரபலம் இல்லை. ஆனால் அது செய்த வேலை பெரிது.

1995 டிசம்பர் 24. அமெரிக்காவில் ஞாயிறு நாளிதழ்களோடு இணைப்பாக வந்துகொண்டிருந்த 'பரேட்' இதழில் குழந்தைகள் பற்றிய அவருடைய படக்கட்டுரை வெளியானது. அதில் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சின்னப் பெண். கீமோதெரபி நாட்களில் அவளுக்குத் துணை, ஒரு போர்வை.

அதைப் படித்த கொலராடோ பெண்மணி கேரன் லவுக்ஸ், டென்வர் நகரத்தின் குழந்தைகள் புற்றுநோய் மையத்துக்குப் போர்வைகள் செய்து கொடுக்க முடிவு செய்தார். 'பீனட்ஸ்' கார்ட்டூனில் எந்நேரமும் போர்வையோடு திரியும் பையன் லைனஸ். அவன் பெயரிலேயே 'புராஜெக்ட் லைனஸ்' பிறந்தது.

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் குவில்ட். கம்பளி நூலில் பின்னிய போர்வையும் சரிதான். ஆனால் புதியதாக, கைவேலையாக, துவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கீமோதெரபியில் வெள்ளை அணுக்கள் குறைவதால் சின்ன தொற்றுகூட ஆபத்து, சுத்தம் முக்கியம்.

போர்வை புற்றுநோயைக் குணப்படுத்தாது. ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டில், உடுப்பு, சாப்பிடும் நேரம் எதுவுமே குழந்தையின் இஷ்டம் இல்லை. போர்வை மட்டும் அதற்கே சொந்தம். வீட்டுக்குப் போகும்போதும் கூடவே போகும். அப்படிப் பல லட்சம் போர்வைகள் இதுவரை போயிருக்கின்றன.